காக்கி உடுத்தினால் குணம் மாறிவிடுமா?

கேள்வி: பதவியும் சீருடையும் கொடுத்தால் எந்த நல்லவனும் கொடுமைக்காரன் ஆகிவிடுவான் என்று ஸ்டான்ஃபோர்ட் சிறைச் சோதனை நிரூபித்துவிட்டதல்லவா?
- மதுரை வாசகர்

பதில்: நல்லவனை அவ்வளவு சுலபத்தில் தப்பவிடாதீர்கள்.

1971 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக உளவியலாளர் பிலிப் ஜிம்பார்டோ, கல்லூரி மாணவர்களை நாளுக்கு 15 டாலர் கூலிக்கு எடுத்து, ஒரு போலிச் சிறையில் பாதிப் பேரைக் காவலர், மீதியைக் கைதி ஆக்கினார். காவலருக்குக் காக்கி, தடி, எதிரில் நிற்பவருக்குக் கண் தெரியாத கூலிங் கிளாஸ். இரண்டு வாரம் என்று தொடங்கியது, காவலர்களின் கொடுமை முற்றி ஆறே நாளில் நின்றது. பாடப்புத்தகம் இதோடு முடித்துக்கொள்ளும். ஆனால் சோதனையின் ஒலிப்பதிவு ஒன்றில், ஒதுங்கி நின்ற காவலர் ஒருவரைக் கடுமையாக நடக்கும்படி சோதனைக் குழுவே வற்புறுத்துகிறது! கொடுமை காக்கியில் தானாக முளைக்கவில்லை, தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். 2002இல் பி.பி.சி. ஒளிபரப்பிய சிறைச் சோதனையிலோ காவலர்களுக்கு வேஷமே ஒட்டவில்லை; கைதிகள் ஆட்சியைக் கவிழ்த்தார்கள்.

நீங்கள் பார்க்கவேண்டியது இன்னொரு உளவியலாளரை, ஸ்டான்லி மில்கிராமை. 1961, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம். கேள்விக்கு அடுத்த அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொல்லும்போதெல்லாம் ஒரு சுவிட்சைப் போட்டு 'ஷாக்' கொடுக்கவேண்டும் என்று, சோதனைக்கு வந்தவர்களிடம் அதிகாரி ஒருவர் சொல்வார். பெட்டியில் 30 சுவிட்ச். 15 வோல்ட்டில் தொடங்கிப் பதினைந்து பதினைந்தாக ஏறி 450 வரை. 'ஷாக்' வாங்கியவர் நடித்தவர்தான், மின்சாரமே பாயவில்லை. சுவிட்ச் போட்டவர்களுக்கு அது தெரியாது. 40 பேரில் 26 பேர் கடைசி வரை போனார்கள். சூட்சுமம் அந்தப் பதினைந்தில் இருக்கிறது. 165க்கு மறுப்பவர், 150ஐ மட்டும் ஏன் போட்டோம் என்று தன்னையே கேட்டாகவேண்டும். (பொய் பில்லில் முதலில் ஐம்பது ரூபாய் எழுதியவருக்கு இது புரியும்.)

ஏற்பாட்டை மாற்றியதும் கணக்கும் மாறியது. அதிகாரி அறையை விட்டுப் போய் ஃபோனில் சொன்னபோது கடைசி வரை போனவர்கள் ஐந்தில் ஒருவர்தான். கூட இருந்த இருவர் மறுத்து எழுந்ததும் 40இல் நாலே பேர். ஆனால் சுவிட்சை வேறொருவர் போட, கேள்வியை மட்டும் வாசிக்கும் குமாஸ்தா வேலை கொடுத்தபோது? 37 பேர் கடைசி வரை உட்கார்ந்திருந்தார்கள்.

தயங்கியவர்களுக்குச் சொல்ல நாலு வாக்கியம் வைத்திருந்தார்கள். 'தயவுசெய்து தொடருங்கள்', 'சோதனைக்கு இது தேவை' என்று ஏறி, நாலாவது: 'உங்களுக்கு வேறு வழியில்லை, தொடர்ந்தே ஆகவேண்டும்.' சுத்தமான கட்டளை அது ஒன்றுதான். ஜெர்ரி பர்கர் என்ற உளவியலாளர் இதே சோதனையை 150 வோல்ட்டோடு நிறுத்தித் திரும்பச் செய்து 2009இல் வெளியிட்டார். அதில் நாலாவது வாக்கியத்தையும் சொல்லவேண்டி வந்தவர்களில் ஒருவர்கூடத் தொடரவில்லை.