நொச்சிக் கிழியும் உப்பு ஒத்தடமும்: கேள்வி பதில்

கேள்வி: இடுப்புப் பிடிப்புக்கு நொச்சி இலைக் கிழி, அதாவது வதக்கிய இலையைத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுக்கச் சொல்கிறார்கள். எப்படிச் செய்வது, அக்கா?

பதில்: நான்கு கைப்பிடி நொச்சி இலையைக் கழுவி, நிழலில் துணிமேல் பரப்பி ஈரம் போக விடுங்கள். ஈர இலையைச் சட்டியில் போட்டால் குழைந்துவிடும். கிழியிலிருந்து கொதிநீர் கசிந்து தோலைச் சுடும். பிறகு நறுக்கி, இரும்புச் சட்டியில் நல்லெண்ணெயோ விளக்கெண்ணெயோ இரண்டு மேசைக்கரண்டி விட்டு இளந்தீயில் வதக்குங்கள். துருவிய தேங்காயும் வட்டமாக அரிந்த எலுமிச்சையும் சேர்ப்பது கேரளத்து இலைக்கிழி முறை. என் கைப்பழக்கமும் அதுதான். தேங்காய் சிவந்து, இலையின் பச்சை வாடை மாறியதும் இறக்கலாம்.

பழைய பருத்தி வேட்டித் துணியில் இரண்டு சாண் சதுரமாக இரண்டு துண்டுகள் கிழித்துக்கொள்ளுங்கள். பாலியெஸ்டர் கலந்தது வேண்டவே வேண்டாம். இலையை நடுவில் வைத்து, நான்கு முனைகளையும் கூட்டி முறுக்கி, கழுத்தில் நூல்கயிற்றால் இறுகக் கட்டினால் முறுக்கிய நுனியே கைப்பிடி. ஒரு கிழி உடம்பில் இருக்கும்போது மற்றொன்று சட்டியில் சூடேறட்டும்.

கேள்வி: சூடு எவ்வளவு இருக்க வேண்டும்?

பதில்: கிழி கொடுப்பவர் முதலில் தம் மணிக்கட்டின் உட்பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே சுகமாகத் தாங்கவில்லை என்றால் ஆறவிடுங்கள். தொடக்கத்தில் தொட்டுத் தொட்டு எடுங்கள். சூடு தணியத் தணிய அழுத்தலாம். 15 முதல் 20 நிமிடம் போதும்.

கேள்வி: இதில் உண்மையில் பலன் உண்டா, வெறும் பழக்கமா?

பதில்: சித்த மருத்துவம் சொல்லும் 32 புறமருந்துகளில் ஒற்றடமும் ஒன்று. சூடு பட்டால் ரத்தக்குழாய்கள் விரிகின்றன, இறுகிய தசை தளர்கிறது. பெரும்பங்கு வேலையைச் செய்வது சூடுதான் என்பது என் எண்ணம். இலை கிடைக்கவில்லையே என்று யாரும் வலியோடு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

கேள்வி: அடுக்குமாடியில் இருக்கிறேன். தெருவோரம் எருக்கு மட்டுமே கிடைக்கிறது.

பதில்: எருக்கை விட்டுவிடுங்கள். அதன் பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் கருவிழியையே கெடுக்கும். வாதநாராயணன், புளி, ஆமணக்கு, முருங்கை இலைகள் ஆகும். எதுவும் இல்லையா? ஒரு குவளை கல்லுப்பைப் படபடவென்று வெடிக்கும்வரை வெறும் சட்டியில் வறுத்து, துணியில் முடிந்துகொள்ளுங்கள். இலையைவிட உப்பு கடுமையாகச் சுடும். மடித்த துண்டைத் தோல்மேல் விரித்து, அதன்மேல் வையுங்கள்.

கேள்வி: நேற்று கணுக்கால் பிசகி வீங்கியிருக்கிறது. கிழி வைக்கலாமா?

பதில்: கூடாது. புது வீக்கத்தைச் சூடு அதிகமாக்கும். முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸ், ஓய்வு, காலைத் தலையணைமேல் உயர்த்தி வைப்பது. ஊன்றி நடக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் காரணமில்லாமல் வீங்கி வலித்தாலும் கிழி கூடாது. ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றே மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை நோய். பாதம் மரத்துப்போய் எரிகிறது என்கிறார். ஒத்தடம் கொடுக்கட்டுமா?

பதில்: தயவுசெய்து கொடுக்காதீர்கள். என் அம்மாவுக்கு நான் கொடுத்தேன். "சூடே உறைக்கவில்லை, இன்னும் அழுத்து" என்றார், அழுத்தினேன். மறுநாள் காலை குதிகால் ஓரத்தில் புளியங்கொட்டை அளவுக்குக் கொப்புளம். அது ஆற ஆறு வாரம் ஆயிற்று. நரம்பு கெட்ட பாதத்துக்குத் தோல் வெந்தாலும் தெரியாது. உறைக்கவில்லை என்று அவர் சொன்னபோதே நான் கையை எடுத்திருக்க வேண்டும். அப்பாவின் பாதத்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஒரு முறை கட்டிய கிழியை மறுநாள் பயன்படுத்தலாமா?

பதில்: தேங்காய் சேர்த்த கிழி ஊசிப்போகும், அன்றோடு பிரித்துக் கொட்டிவிடுங்கள். உப்பை மூடி போட்ட டப்பாவில் வைத்து, நீர் விடும்வரை திரும்பத் திரும்ப வறுக்கலாம்.