தசையைக் காட்டுவது நிழல்: உடற்பயிற்சிப் படப்பிடிப்புக்கு ஒளியமைக்கும் முறை

கேள்வி: நான் திருமணப் படங்களும் தனிநபர் படங்களும் எடுத்துவருகிறேன். உடற்பயிற்சிப் பயிற்றுநர் ஒருவர் தம் விளம்பரத்துக்குப் படம் எடுத்துத் தருமாறு கேட்டிருக்கிறார். என்னிடம் இரண்டு ஸ்பீட்லைட்டுகளும் (சிறிய கையடக்க ஃப்ளாஷ்கள்) 90 செ.மீ. ஆக்டா சாஃப்ட்பாக்ஸ் ஒன்றும் (ஒளியை மென்மையாக்கும் எண்கோணத் துணிப்பெட்டி) உள்ளன. வீட்டில் எடுத்த சோதனைப் படங்களில், நேரில் தெரியும் உடற்கட்டில் பாதிகூடத் தெரியவில்லை. மூன்றாவது விளக்கு வாங்க வேண்டுமா? அவருடைய ஜிம்மில் நடக்கவிருக்கும் படப்பிடிப்பை எப்படித் திட்டமிடுவது?

பதில்: மூன்றாவது விளக்கு இப்போது வேண்டாம். உங்கள் சோதனைப் படங்களில் குறைந்திருப்பது நிழல். இன்னொரு விளக்கைச் சேர்த்தால் இருக்கும் நிழலும் அழிந்துபோக வாய்ப்பு அதிகம். திருமணப் படங்களில் முகத்தின் மேடுபள்ளங்களை மென்மையாக்கவே ஒளியை முன்னாலிருந்து, கேமராவுக்கு அருகிலிருந்து தருகிறோம். அதே அமைப்பை ஒரு பயிற்றுநரின் உடலுக்குப் பயன்படுத்தினால், அவர் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய மேடுபள்ளங்களும் அப்படியே மறைந்துவிடும். சுவர்ப் பூச்சின் சீரின்மையைப் பார்க்க விரும்பும் கொத்தனார் விளக்கைச் சுவருக்கு நேரே பிடிப்பதில்லை. சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்து, ஒளி மேற்பரப்பை உரசிச் செல்லும்படி செய்கிறார். தசைக்கும் விதி இதுவேதான். ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் முன்பாக, எந்தத் தசையின் எந்த ஓரத்தில் நிழல் விழ வேண்டும் என்பதை முடிவு செய்துகொண்டு, அதன்பின் விளக்கின் இடத்தைத் தேடுங்கள்.

வீட்டில் எடுத்த படங்கள் தட்டையாகத் தெரிவதற்கு இன்னொரு காரணமும் இருக்கக்கூடும். வெளிர்நிறச் சுவர்களும் தாழ்வான கூரையும் உள்ள அறையில் சாஃப்ட்பாக்ஸிலிருந்து சிதறும் ஒளி எல்லாப் பக்கமும் பட்டுத் திரும்பி நிழல்களை நிரப்பிவிடும். இதற்கு மருந்து மலிவானது: ஒளி வராத பக்கத்தில், உடலுக்கு ஓர் அடி அல்லது இரண்டடி தள்ளி, ஆளுயரக் கறுப்புத் துணி ஒன்றைத் தொங்கவிடுங்கள். அந்தப் பக்கத்து விலாவும் கையும் உடனே ஆழம் பெறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். புதிதாக ஏதேனும் வாங்கியே தீர வேண்டுமென்றால், இந்தத் துணியையும், 30 x 120 செ.மீ. அளவுக்கு நெருக்கமான ஸ்ட்ரிப் பாக்ஸ் (குறுகி நீண்ட சாஃப்ட்பாக்ஸ்) ஒன்றை அதற்குரிய கிரிட்டுடனும் வாங்குங்கள். தேன்கூடு போன்ற அந்தத் துணிவலை ஒளி பக்கங்களில் சிதறாமல் காப்பதால், விளக்கு உடலுக்குப் பின்னால் நின்றாலும் லென்ஸுக்குள் ஒளி புகுந்து படத்தை வெளிறச் செய்யாது.

முதலில் கேமராவை ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, ஷட்டர் 1/200 நொடி, அப்பர்ச்சர் (லென்ஸின் துளை) எஃப்/8 என்று வைத்து, ஃப்ளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுங்கள். அது ஏறக்குறைய முழுக் கறுப்பாக வர வேண்டும். வந்தால், ஜிம்மின் குழல்விளக்குகளும் அவற்றின் பச்சைச் சாயலும் உங்கள் படத்தில் இனித் தலையிடா. படத்தில் தெரியும் ஒவ்வொரு ஒளியும் நீங்கள் வைத்ததாகவே இருக்கும். வராவிட்டால் கூரை விளக்குகளில் சிலவற்றை அணைக்கச் சொல்லுங்கள்.

அடுத்து ஆக்டாவை மட்டும் எரியவிடுங்கள். அதன் நடுப்பகுதி தலைக்கு மேலே சுமார் அரை மீட்டர் உயரத்திலும் உடலுக்குச் சற்று முன்னாலும், கொஞ்சம் ஒரு பக்கமாகவும் இருக்க வேண்டும். ஆக்டாவின் முகப்பு கீழ்நோக்கி நன்றாகச் சாய்ந்திருக்க வேண்டும். இந்தக் கோணத்தில் மார்புத் தசையின் கீழ்விளிம்பிலும் வயிற்றுக் கட்டுகள் ஒவ்வொன்றின் அடியிலும் நிழல் விழும். கண்குழிகள் இருண்டுபோனால் விளக்கைக் கொஞ்சம் முன்னே இழுங்கள், அல்லது அவரை முகத்தை ஒளியை நோக்கிச் சற்று உயர்த்தச் சொல்லுங்கள். இரண்டில் பெரும்பாலும் பின்னதே நல்லது, ஏனென்றால் வயிற்றின் நிழல் கலையாது. ஜிம்மின் கூரை தாழ்வாக இருந்து இந்த உயரம் கிடைக்காவிட்டால், கூரையோடு போராட வேண்டாம். அவரை பெஞ்சில் உட்காரவோ ஒரு காலில் மண்டியிடவோ செய்து எடுங்கள்.

இங்கே தொலைவின் கணக்கு ஒன்றை மனத்தில் வைத்திருப்பது அவசியம். விளக்கிலிருந்து தூரம் இரட்டிப்பானால் ஒளி நான்கில் ஒரு பங்காக, அதாவது இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்), குறைகிறது. விளக்கு முகத்துக்கு ஒரு மீட்டரிலும் முழங்காலுக்கு இரண்டு மீட்டரிலும் இருந்தால், முகம் சரியாக இருக்கும்போது கால்கள் இருளில் மூழ்கிவிடும். இடுப்புக்கு மேலான படத்தில் இது அழகு. பின்னணியும் தானாகவே இருண்டு ஒதுங்கிக்கொள்ளும். கால் பயிற்சிகளை முழு உருவத்தில் காட்டும் படங்களுக்கோ விளக்கைப் பின்னுக்கு நகர்த்தித் திறனைக் கூட்டியாக வேண்டும்.

இரண்டாவது ஃப்ளாஷை ஸ்ட்ரிப் பாக்ஸில் பொருத்தி, ஆக்டா இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், உடலுக்குப் பின்னால், சட்டகத்துக்கு வெளியே செங்குத்தாக நிறுத்துங்கள். ஆக்டாவை அணைத்துவிட்டு இதை மட்டும் எரியவிட்டுப் பார்த்தால், தோளிலிருந்து இடுப்புவரை ஒரு மெல்லிய ஒளிக்கோடு ஓட வேண்டும். திறனைத் தொடக்கத்தில் ஆக்டாவைவிட ஒரு ஸ்டாப் குறைவாகவே வையுங்கள். தோல் ஒளியை உரசும் கோணத்தில் பெறும்போது, அதுவும் எண்ணெய் பூசியிருந்தால், கண்ணாடிபோல் பிரதிபலிக்கும். லைட் மீட்டர் காட்டும் அளவைவிட அந்த ஓரம் பிரகாசமாகப் பதிவாகும். அங்கே விவரம் ஒருமுறை வெளுத்துப்போனால் எடிட்டிங்கில் மீட்க முடியாது.

ஓட்டமும் தாவலும் எடுக்க அதிவேக ஷட்டர் தேவை என்று பலர் எண்ணுகிறார்கள். இருண்ட அறையில் அசைவை உறையவைப்பது ஃப்ளாஷ் வெடிக்கும் கணமே. ஸ்பீட்லைட்டின் திறனைக் குறைக்கக் குறைக்க அந்தக் கணமும் சுருங்குகிறது. எனவே 1/8 அல்லது 1/16 திறனில் வைத்து, குறையும் ஒளியை ஐஎஸ்ஓவை உயர்த்தி ஈடுசெய்யுங்கள். அடுத்த படத்துக்கு ஃப்ளாஷ் விரைவாகத் தயாராவதும் இதில் கிடைக்கும் ஆதாயம். ஹை ஸ்பீட் சிங்க் வசதி (மிக வேகமான ஷட்டரிலும் ஃப்ளாஷைப் பயன்படுத்தும் முறை) ஒளியின் பெரும்பகுதியை விழுங்கிவிடும் என்பதால் இங்கே அது வேண்டாம்.

ஜிம்மில் உங்களுக்குத் தொல்லை தரப்போவது கண்ணாடிகள்தாம். முந்தைய நாளே போய், எந்தக் கோணத்தில் நின்றால் நீங்களும் ஸ்டாண்டுகளும் பிரதிபலிக்காமல் இருப்பீர்கள் என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். தவிர்க்க முடியாத கண்ணாடியைக் கறுப்புத் துணியால் மூடிவிடுங்கள். உரிமையாளரின் அனுமதியையும், பிற உறுப்பினர்கள் வராத நேரத்தையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். படங்கள் எங்கெல்லாம் பயன்படும் என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்வது இருவருக்கும் பாதுகாப்பு. இணையப் பதாகைக்கு ஒரு பக்கம் எழுத்துக்கான வெற்றிடம் வேண்டும், கைபேசித் திரைக்குச் செங்குத்துப் படம் வேண்டும்; எனவே இதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இனி உடலின் நேரம். இந்த வகைப் படப்பிடிப்பில் அட்டவணையைத் தீர்மானிப்பது இதுவே. லேசான எடைகளாலோ எலாஸ்டிக் பட்டைகளாலோ சில நிமிடங்கள் பயிற்சி செய்ததும் தசைகளில் இரத்தம் பாய்ந்து அவை புடைத்து நிற்கும். ஜிம்மில் இதை பம்ப் என்பார்கள். அது நெடுநேரம் நிற்காது. ஆகவே அவர் வந்தபிறகு விளக்குகளை நகர்த்திக்கொண்டிருப்பது பெரும் இழப்பு. ஏறக்குறைய அதே உயரமுள்ள ஒருவரை நிற்கவைத்து ஒளியமைப்பை முடித்துவிட்டு, அதன்பிறகே பயிற்றுநரைத் தசைகளைச் சூடேற்றச் சொல்லுங்கள். ஒவ்வொரு அமைப்புக்கும் இடையில் சில புஷ்அப்கள் போதும். களைத்துப்போகும் அளவுக்குப் போகக் கூடாது, களைப்பு முகத்தில் முதலில் தெரியும். இறுக்கமான சாக்ஸும் இடுப்பு எலாஸ்டிக்கும் பதிக்கும் தடங்கள் மறைய நேரமாகும் என்பதால், தளர்வான உடையில் வரச் சொல்லுங்கள்.

உடையோடு, எடைகளைத் தூக்கும் படங்களை முதலில் எடுத்துவிடுங்கள். எண்ணெய் அதன்பிறகுதான், ஏனென்றால் அது உடையைக் கறைப்படுத்தும், கைப்பிடியை வழுக்கச் செய்யும். எண்ணெய்ப் பிசுக்குள்ள கையில் கனமான டம்பலைக் கொடுப்பது ஆபத்து. உள்ளங்கையைத் தவிர்த்து மெல்லியதாகப் பூசி, மேலே தண்ணீரைத் தெளிப்பானால் அடித்தால் வியர்வைத் துளிகள் போலவே நிற்கும். கிளிசரினும் தண்ணீரும் சம அளவில் கலந்து அடித்தால் துளிகள் இன்னும் நேரம் தாங்கும். தரையைத் துடைக்க ஒருவர் அருகில் இருக்கட்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தோல் ஒட்டித் தசை துல்லியமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் படப்பிடிப்புக்கு முன் தண்ணீர் குடிப்பதை நிறுத்துவோரும், சிறுநீர் பெருக்கும் மாத்திரை விழுங்குவோரும் உண்டு. மயக்கம் முதல் இதயத் துடிப்பின் கோளாறு வரை கொண்டுபோகக்கூடிய செயல் இது. அவர் அப்படி ஏதேனும் திட்டமிட்டால் தடுத்துவிடுங்கள். பக்க ஒளியும் கறுப்புத் துணியும் தரும் துல்லியத்துக்கு இந்த வதை தேவையே இல்லை.

கேமராவை அவருடைய தொப்புள் உயரத்துக்கு இறக்கி, 85 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட லென்ஸோடு தள்ளி நில்லுங்கள். அகலக்கோண லென்ஸோடு நெருங்கினால் முன்னே நீண்ட முஷ்டி பெருத்து, உடல் சிறுத்துவிடும். மூச்சை முழுவதும் வெளியே விட்டு வயிற்றை இறுக்கும் அந்தக் கணத்தில், இடுப்பைச் சற்றே திருப்பியிருக்கும்போது எடுங்கள். பயிற்சிகளின் நிலை சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு அமைப்பிலும் கேமராத் திரையில் அவரையே பார்க்கச் சொல்லுங்கள். முதுகு வளைந்த டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கும் பயிற்சி) படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், ஒரு பயிற்றுநரின் பெயரை அது கெடுத்துவிடும்.

எடிட்டிங்கில் கிளாரிட்டியை (விவரங்களை எடுப்பாக்கும் அமைப்பு) அதிகம் ஏற்றினால் தோல் மணல்போல் சொரசொரப்பாகிவிடும். இருக்கும் நிழலைக் கொஞ்சம் ஆழமாக்குவது, இருக்கும் வெளிச்சத்தைக் கொஞ்சம் உயர்த்துவது ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இடுப்பைச் சுருக்குவதும் தோளை அகலமாக்குவதும் வேண்டாம், அவரே கேட்டாலும் வேண்டாம்: அந்தப் படத்தை நம்பிப் பணம் கட்டிப் பயிற்சிக்கு வருபவர்கள் மறுநாள் அவரை நேரில் பார்க்கப்போகிறார்கள்.