முட்டையையும் வேர்க்கடலையையும் தள்ளிப்போட வேண்டுமா?

கேள்வி: என் மூத்த மகளுக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. இரண்டாவது மகனுக்கு இப்போது ஐந்து மாதம் முடிந்திருக்கிறது. பால் போதாததால், பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து தாய்ப்பாலோடு புட்டிப்பாலும் கொடுத்துவருகிறேன். அவனுடைய கன்னங்களும் முழங்கை மடிப்பும் அடிக்கடி சிவந்து சொரசொரப்பாகின்றன. தாய்ப்பால் மட்டும் கொடுத்திருந்தால் இது வந்திருக்காது என்று உறவினர்கள் சொல்கிறார்கள். முட்டை, வேர்க்கடலை இரண்டையும் மூன்று வயதுவரை கொடுக்காமல் இருந்துவிடலாம் என்று நினைக்கிறேன். இது சரியா?

பதில்: உங்கள் மனத்தை அரித்துக்கொண்டிருப்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகனின் தோல் அழற்சிக்குப் புட்டிப்பால்தான் காரணம் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பெலாரஸ் நாட்டில் 1990களில் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. தாய்ப்பாலூட்டலுக்குத் தனிக் கவனத்துடன் ஊக்கமளித்த மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளுக்கு முதல் ஆண்டில் தோல் அழற்சி குறைவாகவே வந்தது. ஆனால் அதே குழந்தைகள் ஆறரை வயதை எட்டியபோது, ஆஸ்துமாவிலோ ஒவ்வாமையிலோ அத்தகைய குறைவு காணப்படவில்லை. தாய்ப்பாலின் அருமை வேறு இடத்தில் இருக்கிறது: வயிற்றுப்போக்கு, நெஞ்சுச்சளி, காது நோய்த்தொற்று போன்றவற்றிலிருந்து அது குழந்தையைக் காக்கிறது. ஆகவே சுரக்கிற பாலைத் தொடர்ந்து கொடுங்கள். பற்றாக்குறைக்குப் புட்டிப்பால் சேர்த்ததற்காக உங்களை நீங்களே குற்றம் சாட்டிக்கொள்ளாதீர்கள்.

மூன்று வயதுவரை காத்திருப்பது பற்றிய உங்கள் எண்ணத்தைத்தான் நான் மாற்ற விரும்புகிறேன். அது நீங்களாகக் கற்பனை செய்துகொண்டதன்று; அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமே 2000ஆம் ஆண்டில், ஒவ்வாமை வாய்ப்பு மிகுந்த குழந்தைகளுக்கு வேர்க்கடலையை மூன்று வயதுவரை தவிர்க்கச் சொல்லியிருந்தது. தவிர்ப்பதால் பயன் உண்டு என்பதற்குப் போதிய சான்று இல்லாததால் 2008இல் அந்த அறிவுரையைக் கைவிட்டது. பிறகு 2015இல் லண்டனில் கிடியன் லேக் தலைமையிலான குழு வெளியிட்ட ஆய்வு, நிலைமையைத் தலைகீழாக்கியது. கடுமையான தோல் அழற்சியோ முட்டை ஒவ்வாமையோ இருந்த, 4 முதல் 11 மாத வயதுடைய 640 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வேர்க்கடலையைத் தொடர்ந்து கொடுத்தார்கள், மற்றதற்கு ஐந்து வயதுவரை தவிர்த்தார்கள். தொடக்கத்தில் தோல் பரிசோதனையில் எதிர்வினை காட்டாத குழந்தைகளில், தவிர்த்தவர்களுள் 13.7 சதவீதத்தினருக்கு வேர்க்கடலை ஒவ்வாமை ஏற்பட்டது, உண்டவர்களுள் 1.9 சதவீதத்தினருக்கு மட்டுமே.

இதற்கான விளக்கம் உங்கள் மகனுக்கு நேரடியாகப் பொருந்துகிறது. வீட்டுத் தூசியிலும் பெரியவர்களின் கைகளிலும் உணவுத் துகள்கள் எப்போதும் இருக்கும். அவை அழற்சியால் வெடித்த தோலின் வழியே உடலுக்குள் புகும்போது, நோய் எதிர்ப்பு மண்டலம் அவற்றைப் பகையாக அடையாளம் காண்கிறது. அதே உணவு வாய்வழியாகக் குடலுக்குச் செல்லும்போது, பொறுத்துக்கொள்ளக் கற்றுக்கொள்கிறது. உணவைத் தள்ளிப்போட்டால் வாயின் வழி அடைபட்டு, தோலின் வழி மட்டும் திறந்திருக்கும். எனவே தோலை ஈரப்பதம் காக்கும் களிம்பால் பேணுவதும், மருத்துவர் எழுதித்தரும் மருந்தைப் பயந்து பாதியில் நிறுத்தாமல் பயன்படுத்துவதும் மிக முக்கியம்.

உங்கள் மகனின் அழற்சி எவ்வளவு கடுமையானது என்பதைக் கடிதத்திலிருந்து கணிக்க இயலவில்லை. ஆகவே வேர்க்கடலையையோ முட்டையையோ முதன்முறை கொடுப்பதற்கு முன்பு குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கடுமையானதாக இருந்தால் அவர் பரிசோதனை செய்துவிட்டுத் தொடங்கச் சொல்வார். அவர் அனுமதித்தபின், ஆறு மாத வாக்கில், குழந்தை நலமாக இருக்கும் ஒரு பகல் வேளையில், நன்றாக வேகவைத்த முட்டையைக் கரண்டி நுனியளவு கொடுங்கள். வேறொரு நாளில், நைசாக அரைத்துத் தண்ணீரில் கரைத்த வேர்க்கடலை விழுதைக் கொடுங்கள். முழுக் கடலை மூச்சுக்குழாயை அடைத்துவிடும் என்பதால் ஐந்து வயதுவரை வேண்டாம். ஒத்துக்கொண்டால் வாரந்தோறும் தொடருங்கள். ஒருமுறை கொடுத்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. உடலெங்கும் தடிப்பு, முகவீக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, இழுப்பு, திடீர்ச் சோர்வு ஆகியவற்றுள் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

கேள்வி: நான் ஏழு மாதக் கர்ப்பிணி. எனக்கு ஆஸ்துமா உண்டு. பால், முட்டை, கடலை ஆகியவற்றை இப்போதே நிறுத்தினால் குழந்தைக்கு ஒவ்வாமை வராதா? புட்டிப்பால் தேவைப்பட்டால் ஆட்டுப்பால் வகை பாதுகாப்பானதா?

பதில்: நிறுத்த வேண்டாம். கர்ப்ப காலத்திலோ பாலூட்டும் காலத்திலோ தாய் பத்தியம் இருப்பது குழந்தையின் ஒவ்வாமையைத் தடுப்பதில்லை. உங்களுக்குச் சேர வேண்டிய புரதமும் கால்சியமும்தான் குறையும். உங்களுக்கே ஒவ்வாத உணவை மட்டும் விலக்குங்கள். ஆட்டுப்பாலின் புரதங்கள் பசும்பாலின் புரதங்களைப் பெரிதும் ஒத்தவை. பசும்பால் ஒவ்வாத குழந்தைகளில் பெரும்பாலானோருக்கு அதுவும் ஒவ்வாது.