நீங்களே செய்த தகரக் கோப்பையின் அடியில் ஒரே இடத்தில் ஒழுகுகிறதா?

பக்க மடிப்பு அடித்தட்டைத் தொடும் இடத்தில் மட்டும் ஒழுகுகிறது என்றால், இன்னும் பற்றவைக்கும் ஈயம் ஊற்றிப் பயனில்லை. அடுத்த கோப்பைக்குத் தகரத்தை மடிக்கும் முன்பே, மடிப்பு விளிம்பின் கீழ்மூலைகளைக் கத்திரியால் சாய்வாக வெட்டிவிடுங்கள். அடித்தட்டை மாட்ட மடிக்கும் அடி விளிம்பு 4 மி.மீ. என்றால் வெட்டு 5 மி.மீ. இருக்கட்டும்.

கொக்கிபோல் மாட்டும் மடிப்பில் தகரம் நான்கு அடுக்காகிவிடும். அந்தத் திண்டின் மேல் அடித்தட்டு உட்காராது. பக்கத்தில் மயிரிழை இடுக்கு நிற்கும். கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) எவ்வளவு தட்டினாலும் அது அமுங்காது. நான் இரண்டு கோப்பையை நசுக்கிய பிறகுதான் வெட்டப் பழகினேன்.

இப்போதுள்ள கோப்பையில் வெளிமூட்டு முழுக்கச் சுண்ணக்கட்டி தேய்த்து, உள்ளே கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றி அரைமணி வையுங்கள். ஈரக்கறை எங்கே தெரிகிறதோ அதுதான் ஓட்டை. நன்றாகக் கழுவி, அங்கே தகரத்தையே சூடாக்கிப் பற்றவையுங்கள். ஈயம் தானாக இடுக்கில் ஓட வேண்டும், உருண்டு நின்றால் சூடு போதவில்லை, அல்லது அழுக்கு.

ஒன்று: கடையில் ‘ஈயம்’ என்று மட்டும் கேட்காதீர்கள். குடிக்கிற கோப்பைக்குக் காரீயம் (lead) கலக்காத பற்றவைக்கும் கம்பிதான் வேண்டும். துத்தநாகம் பூசிய கூரைத் தகரமும் வேண்டாம். மோர், எலுமிச்சைச் சாறு பட்டால் பூச்சு கரையும்.