ஒரு நாளைக்கு ஒரு மலை போதும்
கல்விச் சுற்றுலா: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 60 பேர். சித்தன்னவாசல், குடுமியான்மலை, திருமயம் கோட்டை, புதுக்கோட்டை அருங்காட்சியகம் என்று நான்கையும் ஒரே நாளில் காட்டிவிட நினைக்கிறோம். முடியுமா?
– தலைமையாசிரியை, மணப்பாறை

பதில்: பேருந்து நான்கு இடத்துக்கும் போய் வந்துவிடும். பிள்ளைகள் எதையும் பார்த்திருக்க மாட்டார்கள். 60 பேரை இறக்கி, கழிப்பறைக்கு அனுப்பி, தலை எண்ணி, குழு பிரிக்கவே ஒவ்வோர் இடத்திலும் அரை மணி நேரம் போய்விடும். குடுமியான்மலையின் இசைக் கல்வெட்டையும் திருமயத்தையும் அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் சித்தன்னவாசல், மதியத்துக்கு மேல் திருக்கோகர்ணத்தில் உள்ள அருங்காட்சியகம். அதுவே நிறைவான ஒரு நாள்.

சித்தன்னவாசலில் சமணத் துறவிகளின் குகையான ஏழடிப்பட்டம், சமணக் குடைவரையான அறிவர் கோயில் இரண்டுக்கும் ஏறும் வழி வேறு வேறு. 30 பேர் ஒரு பக்கம், 30 பேர் மறுபக்கம் என்று தொடங்கிப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். 9 மணிக்குள் மலையடியில் இறங்கிவிடுங்கள். பாறையில் நிழல் கிடையாது, 11 மணிக்கு மேல் கால் வைக்க முடியாதபடி சூடேறிவிடும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, பின்பட்டை உள்ள காலணி கட்டாயம். ரப்பர் செருப்பு பாறைச் சரிவில் வழுக்கும். முதல் நாள் மழை பெய்திருந்தால் ஏழடிப்பட்டத்தை விட்டுவிடுங்கள். அங்கே சரிவு குறுகலானது, ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். ஒரு தடவைக்கு 15 பேர், முன்னால் ஓர் ஆசிரியர், பின்னால் ஓர் ஆசிரியர். உயரத்துக்கு அஞ்சும் பிள்ளையை வற்புறுத்த வேண்டாம்.

மேலே குகையில் 17 கற்படுக்கைகள், தலைமாட்டில் தலையணை போல மேடாக விட்டுச் செதுக்கியவை. அவற்றில் ஒன்றில் தமிழ்-பிராமி, அதாவது தமிழின் பழைய எழுத்து, வெட்டியிருக்கிறது. பொது ஆண்டுக்கு முந்தைய முதல் நூற்றாண்டு வாக்கில் வெட்டியது என்பார்கள். சமணத் துறவிகள் இந்த வழவழப்பான கல்லில்தான் படுத்தார்கள் என்று சொல்லிவிட்டு ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். கேள்விகள் தாமாக வரும்.

அறிவர் கோயிலின் கருவறை ஒரு பக்கத்துக்கு 10 அடிகூட இல்லை. அதனால் பத்துப் பத்துப் பேராக உள்ளே விடுங்கள். வெயிலிலிருந்து வந்தவுடன் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு நிமிடம் நின்ற பிறகே விதானத்தில் தாமரைக் குளம் எழுந்து வரும். மீன், வாத்து, யானை, எருமை, பூப்பறிக்கும் மூன்று ஆடவர். ஓவியம் மங்கியிருப்பதால், அதன் கோட்டு வரைபடம் ஒன்றை முந்திய வாரமே வகுப்பில் காட்டிவிட்டால் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிப்பார்கள். சிற்பங்களின் தலைக்கு மேல் உள்ள குடைகளை எண்ணச் சொல்லுங்கள். முக்குடை என்றால் சமணர் வணங்கும் தீர்த்தங்கரர். ஒரே குடை உள்ளவரை ஆசாரியர், அதாவது சமண ஆசான், என்கிறார்கள். பாம்புப் படம் விரித்திருந்தால் தீர்த்தங்கரருள் ஒருவரான பார்சுவநாதர். சுவரைத் தொடக் கூடாது, ஃப்ளாஷ் போடக் கூடாது. கை எண்ணெய் பட்டுப் பட்டு உரிந்துபோன சுண்ணப்பூச்சை யாராலும் திருப்பித் தர முடியாது.

நாள் குறிப்பதில்தான் பல பள்ளிகள் கோட்டைவிடுகின்றன. புதுக்கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிதான். கீழடிக்குச் செவ்வாய். இரண்டு வாரம் முன்பே அருங்காட்சியகப் பொறுப்பாளரான காப்பாட்சியருக்குக் கடிதம் எழுதி, பிள்ளைகளின் எண்ணிக்கை, வகுப்பு, வரும் நேரம் மூன்றையும் குறிப்பிடுங்கள்.

கேள்வி: தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று வழிகாட்டிகள் சொல்கிறார்கள். பிள்ளைகளும் தேர்வில் அப்படியே எழுதுகிறார்கள். இதை எப்படிச் சரிசெய்வது?
– கணித ஆசிரியர், பட்டுக்கோட்டை

பதில்: நிழல் நன்றாகவே விழும். விமானம் மேலே போகப் போகக் குறுகுவதால், சூரியன் உச்சியில் இருக்கும்போது நிழல் அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. கதை அங்கேதான் பிறந்தது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் தஞ்சையில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அந்த நாட்களில் பள்ளிக் கொடிக்கம்பத்துக்கும்தான் நிழல் இராது. வாயால் மறுப்பதைவிட அந்த நிழலை வைத்தே உயரத்தை அளக்க வையுங்கள். ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு வடிவொத்த முக்கோணப் பாடம் இதைவிட நன்றாக அமையாது.

தை மாதம் ஏற்றது. வேண்டியவை 2 மீட்டர் நேரான கம்பு, நூலில் கட்டிய கல், 30 மீட்டர் அளவு நாடா, ஒட்டுத்தாள், கைக்கடிகாரம். சுண்ணக்கட்டியால் தளத்தில் எழுத வேண்டாம். தொல்லியல் துறை ஊழியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நிழலை விமானத்தின் அடியிலிருந்து அளந்தால் விடை தப்பும். கலசத்துக்கு நேர் கீழே உள்ள புள்ளி கருவறைக்குள் இருக்கிறது, அங்கே நாடா போகாது. அதனால் நுனி நகரும் தூரத்தை அளக்க வேண்டும். 11.15 மணிக்குக் கலச நிழலின் நுனியில் ஓர் ஒட்டுத்தாள், அதே நிமிடத்தில் கம்பு நிழலின் நுனியில் இன்னொன்று. 12 மணிக்கு இரண்டையும் மறுபடி குறியுங்கள். கம்பின் நுனி 48 சென்டிமீட்டரும் கலசத்தின் நுனி 14.6 மீட்டரும் நகர்ந்திருந்தால், 14.6-ஐ 2 ஆல் பெருக்கி 0.48 ஆல் வகுக்க 60.8 மீட்டர். விமானத்துக்கு 216 அடி, அதாவது ஏறத்தாழ 66 மீட்டர் என்று வழக்கமாகச் சொல்வார்கள். 60 மீட்டர் என்போரும் உண்டு. பிள்ளைகளின் விடை இந்த அளவை ஒட்டி வந்தாலே பாராட்டுங்கள்.

தவறு வரும் இடங்கள்: கம்பு செங்குத்தாக நிற்காவிட்டால் எல்லாமே கெடும், நூலில் கட்டிய கல் அதற்குத்தான். அந்த உயரத்திலிருந்து விழும் நிழலின் நுனி மங்கலாகத்தான் இருக்கும். மூன்று பேர் தனித்தனியாகக் குறித்து நடுப்புள்ளியை எடுங்கள். நுனி நிமிடத்துக்கு ஏறக்குறைய ஓர் அடி நகர்வதால் கம்பும் கலசமும் ஒரே நிமிடத்தில் குறிக்கப்பட வேண்டும். முருகன் சந்நிதி போன்ற கட்டடத்தின் மேல் நுனி விழுந்தால் தளத்துக்கு இறங்கும்வரை காத்திருங்கள். செருப்பில்லாமல் நிற்கும் இடம் ஆகையால் அளக்கும் குழுவுக்குத் தடித்த காலுறை கொடுங்கள். மற்றவர்கள் சுற்று மண்டப நிழலில் இருக்கட்டும்.

கேள்வி: அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனால் பிள்ளைகள் விளக்க அட்டைகளை நோட்டில் பார்த்து எழுதுகிறார்கள், இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?
– சமூக அறிவியல் ஆசிரியை, மானாமதுரை

பதில்: உங்களுக்குக் கீழடி பக்கம். அங்கே மூன்று பொருளை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஐந்து பேர் ஒரு குழு, ஒரு பொருளுக்குப் பத்து நிமிடம். முதலில் வரைய வேண்டும், பிறகே அட்டையைப் படிக்க வேண்டும். பென்சில் மட்டும் போதும், பேனா வேண்டாம். எழுதக் கெட்டியான அட்டையும் கிளிப்பும் இருந்தால் கண்ணாடிப் பெட்டிமேல் சாய மாட்டார்கள்.

முதல் பொருள் கறுப்பு சிவப்புப் பானை. கறுப்பு எங்கே முடிந்து சிவப்பு எங்கே தொடங்குகிறது என்று கோடு போடச் சொல்லுங்கள். உள்பக்கமும் விளிம்பும் கறுத்து, வெளிப்பக்கம் சிவந்திருக்கும். பானையைக் கவிழ்த்துச் சுட்டால் உள்ளே காற்றுப் போகாது. உமியோ வைக்கோலோ புகைந்து கரி ஏறிக் கறுக்கும். காற்றுப் படும் வெளிப்புறத்தில் மண்ணில் உள்ள இரும்பு சிவக்கும். ஒரே சூளை, ஒரே மண், இரண்டு நிறம். இதை அவர்களே ஊகிக்க விடுங்கள், உடனே சொல்லிவிடாதீர்கள்.

இரண்டாவது, எழுத்துள்ள ஓடு. முந்திய வாரம் நான்கு தமிழ்-பிராமி எழுத்தைக் கற்றுக்கொடுத்தால் போதும். ‘க’ கூட்டல் குறி, ‘ர’ நேர்க்கோடு, ‘ந’ தலைகீழான ஆங்கில டி, ‘த’ தலைகீழான ஒய். இத்தோடு போன பிள்ளை ஓட்டின் முன் நின்று ஓர் எழுத்தை அடையாளம் காணும்போது அதன் முகத்தைப் பாருங்கள்! ‘ஆதன்’ என்ற பெயர் கீழடி ஓட்டில் கிடைத்திருப்பதையும் அப்போது சொல்லுங்கள்.

மூன்றாவதாக நூல் நூற்கும் தக்களி அல்லது விளையாட்டுக்கான ஆட்டக்காய். பிள்ளைகளின் விருப்பத்துக்கு விட்டுவிடலாம்.

கேள்வி: கல்வெட்டு எழுத்து தெரியவில்லை என்று மாவு அல்லது சுண்ணக்கட்டி பூசிப் படம் எடுக்கிறார்கள். சரியா? வழியில் கிடைக்கும் பானை ஓட்டை மகன் வீட்டுக்குக் கொண்டுவருகிறான், அது?
– பெற்றோர், அரியலூர்

பதில்: மாவு பூசாதீர்கள். ஈரம் பட்டால் அதில் பூசணம் வளரும். பூசுபவர் தாம் நினைத்த எழுத்தைத்தான் நிரப்புவார், படமும் பொய்யாகிவிடும். நிழலான சுவரில் டார்ச்சை ஒரு பக்கமாகக் கல்லோடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். வெட்டுக்குள் நிழல் விழுந்து எழுத்து எழும். கறுப்புக் குடையால் வெளிச்சத்தை மறைத்தால் பகலிலும் தெரியும். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. மைப்படி எடுப்பது, அதாவது ஈரத்தாளைக் கல்லில் ஒட்டித் தூரிகையால் அடித்து மை ஒற்றுவது, பாதுகாக்கப்பட்ட இடங்களில் அனுமதி பெற்றவர்களின் வேலை. பள்ளியில் நாணயத்தின்மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பழகலாம்.

ஓட்டை எடுக்கக் கூடாது. மேலே கிடக்கும் ஓடு எந்த இடத்தில் கிடந்தது என்பதே அதன் பாதிச் செய்தி. பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து, கைப்பேசி வரைபடத்தில் இடத்தைக் குறித்து, மாவட்ட அருங்காட்சியகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். மண்ணில் புதைந்திருந்த மதிப்புள்ள பொருள் என்றால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்கவே வேண்டும். மகன் ஏற்கெனவே கொண்டுவந்தவற்றைக் கழுவாமல் தனித்தனித் தாளில் மடித்து, எங்கே எடுத்தது என்று அவன் கையாலேயே எழுதி, காப்பாட்சியரிடம் நேரில் கொடுக்க வையுங்கள்.