ஒரு சைக்கிள், சின்னக் கார்: எந்த ராக் வாங்கலாம்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வணக்கம் அண்ணை. மகளுக்கு வவுனியாப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. பம்பைமடுப் பக்கம் அறை பார்த்து விட்டோம். அவளுடைய லுமாலா லேடீஸ் சைக்கிளைக் காரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், நீண்ட விடுமுறைக்கு அவள் வரும்போது திரும்பக் கொண்டுவரவும் வேண்டும். எங்களிடம் இருப்பது ஜப்பானிலிருந்து வந்த சுசுகி வாகன்ஆர். ஒரேயொரு சைக்கிள்தான். சைக்கிளைக் காருக்கு வெளியே மாட்டிக்கொண்டு போக, பின்கதவில் பட்டி போட்டுக் கட்டுகிற ராக் மலிவாகத் தெரிகிறது. அதை வாங்கலாமா?
– ஒரு தகப்பன், தருமபுரம்

பதில்: முதலில் மகளுக்கு என் வாழ்த்து. அந்த ராக்கை வாங்க வேண்டாம். பட்டி ராக்கில் பிழை இல்லை, நல்ல சாமான்தான், ஆனால் உங்கள் காருக்கும் அந்தச் சைக்கிளுக்கும் அது ஒத்துவராது. சைக்கிளைப் பார்த்தும் விலையைப் பார்த்தும் ராக் வாங்குகிறவர்கள்தான் அதிகம். முதலில் பார்க்க வேண்டியது காரின் பின்கதவை.

ஒரு அளவுநாடா எடுங்கள். ஜப்பானில் கெய் என்று ஒரு சின்னக் கார் வகை இருக்கிறது, அதன் அகலம் 1.48 மீற்றரைத் தாண்டக்கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம், உங்கள் வாகன்ஆர் அந்த வகைதான், 1.475 மீற்றர். மகளின் சைக்கிளை முன் ரயரிலிருந்து பின் ரயர் வரை அளந்தால் 1.7 மீற்றருக்குக் குறையாது. அதைப் பின்கதவில் குறுக்கே தொங்கவிட்டால் இரண்டு பக்கமும் பத்துப் பன்னிரண்டு சென்ரிமீற்றராவது காருக்கு வெளியே நிற்கும். ஓட்டுகிறவருக்கு அது தெரியாது, முந்திப்போகிற மோட்டார் சைக்கிள்காரனுக்கும் இருட்டில் தெரியாது. முன் சில்லைக் கழற்றினால் இது சரியாகிவிடும், ஆனால் அதோடு முடியவில்லை.

பட்டி ராக்கின் மேல் கொழுக்கிகள் பின்கதவின் மேல் விளிம்பில் மாட்டப்படும். அந்த விளிம்பு இரும்புத் தகடாக இருந்தால்தான் பாரம் தாங்கும். டிக்கி தனியாக இல்லாத சின்ன ஹச்பக் கார்கள் பலவற்றில் அந்த இடத்தில் பிளாஸ்ரிக் ஸ்பொய்லர், அதாவது வெளியே நீட்டி நிற்கிற ஒரு துண்டு, இருக்கும், அதன் கீழே முழுக்கக் கண்ணாடி. ஸ்பொய்லரில் கொழுக்கி மாட்டிப் பட்டியை இழுத்தால் அது வெடிக்கும். கண்ணாடி விளிம்பில் மாட்டுகிற கதையே வேண்டாம்.

அடுத்தது சைக்கிள். லேடீஸ் சைக்கிளுக்கு நடுப் பார் இல்லை. ராக்கின் இரண்டு கைகளும் ஏந்திப் பிடிப்பது அந்தப் பாரைத்தான். இருக்கைத் தண்டுக்கும் ஹாண்டில் தண்டுக்கும் இடையே பூட்டுகிற தற்காலிகப் பார் ஒன்று விற்கிறார்கள், அதைத் தனியாக வாங்க வேண்டி வரும். பாரமும் இருக்கிறது. இந்த ராக்குகளில் ஒரு சைக்கிளுக்குப் பெரும்பாலும் 15 கிலோ என்றுதான் எழுதியிருக்கும். கரியர், கூடை, ஸ்டாண்ட், செயின் கவர், மட்கார்ட் எல்லாம் உள்ள சைக்கிள் அதைத் தாண்டக்கூடியது. நெல் நிறுக்கிற தராசில் ஒரு தடவை ஏற்றிப் பாருங்கள், ஊகிக்க வேண்டாம்.

சரி, அப்படியானால் என்ன செய்வது? உங்களுக்கு ராக்கே தேவையில்லை. வருடத்தில் சில தடவை ஓடுகிற ஓட்டம், ஒரு சைக்கிள், அதைக் காருக்கு உள்ளேயே வையுங்கள். வாகன்ஆர் பின் இருக்கை மடிகிற கார். இரண்டு பக்கத்தையும் மடித்து, முன்னுக்கு இடப்பக்க இருக்கையை முழுக்க முன்னே தள்ளிவிடுங்கள். சைக்கிளின் முன் சில்லைக் கழற்றுங்கள், 14 அல்லது 15 ஆம் நம்பர் சாவி போதும். மட்கார்ட் கம்பியும் அந்த நட்டிலேயே பூட்டியிருக்கும், எந்த வாசர் எந்தப் பக்கம் இருந்தது என்று கழற்றும்போதே போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், பம்பைமடுவில் திரும்பப் பூட்டப் போவது மகள்தான். கூடையையும் கழற்றுங்கள். ஹாண்டிலின் தண்டு போல்ட்டைத் தளர்த்தி, அதன் தலையில் மெல்லத் தட்டி, ஹாண்டிலைச் சைக்கிளின் நீளத்தோடு திருப்பிவிட்டால் இன்னும் மெலிந்துவிடும். இப்போது அது ஏறக்குறைய 1.4 மீற்றர்தான். பழைய சாக்கை விரித்து, செயின் இருக்கிற பக்கம் மேலே வரும்படி சரித்து, பின்பக்கத்தை முதலில் உள்ளே தள்ளுங்கள். முன்கவடு கதவுப் பக்கம் வரும், அதன் நுனிகளில் துணி சுற்றுங்கள். கடைசியாகச் சில்லு, பிறகு மகளின் பைகள்.

சைக்கிளைச் சும்மா கிடத்திவிட்டுப் போகாதீர்கள். ஏ9 வீதியில் மாடு படுத்திருக்கும், சடுதியாக பிறேக் அடிக்க வேண்டி வரும், அந்த நேரம் சைக்கிள் முன் இருக்கைக்கே வரும். இருக்கைப் பட்டியின் கொக்கிகளிலோ இருக்கையின் காலிலோ கயிறு போட்டு இரண்டு இடத்தில் கட்டுங்கள். இப்படி ஏற்றினால் காரில் நீங்களும் மகளும் மட்டுமே போகலாம். தாயும் வர ஆசைப்படுவார், எனக்குத் தெரியும். அவரைப் பரந்தனிலோ கிளிநொச்சியிலோ வவுனியா பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள், அல்லது பைகளையும் தாயையும் காரில் கொண்டுபோய் விட்டு சைக்கிளை இன்னொரு நாள் ஏற்றுங்கள்.

கேள்வி: எனது கார் டொயோட்டா அக்சியோ. 26 இஞ்சி கியர் சைக்கிள். விடுமுறை நாளில் இரணைமடுக் குளக்கட்டுப் பக்கம் கொண்டுபோய் ஓடுவதற்காகப் பட்டி ராக் வாங்கிவிட்டேன். காரில் கீறல் விழாமல் எப்படிக் கட்டுவது?
– வவுனியாவிலிருந்து ஒரு தம்பி

பதில்: உங்களுக்கு அது சரியான தெரிவு, தம்பி. அக்சியோவின் அகலம் 1.695 மீற்றர், சைக்கிளும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், வெளியே நிற்காது. டிக்கி மூடிக்கு நல்ல இரும்பு விளிம்பும் இருக்கிறது.

கீறல் விழுவதற்குக் காரணம் ராக் இல்லை, தூசி. நம்முடைய கிரவல் ரோட்டுத் தூசி டிக்கியில் படிந்திருக்க, அதன் மேலே ராக்கின் ரபர்ப் பஞ்சை வைத்துக் கட்டினால், ஓடுகிற நேரம் முழுக்க அது பெயின்ரை உரஞ்சிக்கொண்டே வரும். ஒவ்வொரு தடவையும் ராக்கின் கால் படுகிற இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவித் துடையுங்கள். ரபரின் அடியையும் துடையுங்கள், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பட்டிகள் வழமையாக ஆறு. மேல் இரண்டும் டிக்கி மூடியின் மேல் விளிம்பில், கீழ் இரண்டும் மூடியின் கீழ் விளிம்பில், பக்கத்துக்கு ஒன்று. கீழ்க் கொழுக்கியை பிளாஸ்ரிக் பம்பரில் மாட்டாதீர்கள். முதலில் மேல் பட்டியால் உயரத்தைச் சரிசெய்து, பிறகு கீழ்ப் பட்டி, கடைசியாகப் பக்கப் பட்டி. எல்லாம் இறுக்கிய பிறகு ராக்கைப் பிடித்து உலுக்குங்கள். கார் சேர்ந்து ஆடினால் கட்டு சரி, ராக் மட்டும் ஆடினால் அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள். மிச்சப் பட்டியை முடிந்து விடுங்கள், காற்றில் அடித்து அடித்து அதுவே பெயின்ரைத் தின்னும்.

சைக்கிளை வைக்கும்போது செயின் பக்கம் வெளியே பார்க்கட்டும், கியர் மாற்றி காரில் முட்டாது. காருக்குப் பக்கத்தில் வருகிற பெடலுக்குப் பழைய ரியூப் துண்டு ஒன்றைச் சுற்றிவிடுங்கள். ஹாண்டிலைத் திருப்பி சட்டத்தோடு கட்டுங்கள், முன் சில்லையும் கட்டுங்கள், இல்லாவிட்டால் காற்றுக்கு அது சுற்றிக்கொண்டே வரும். தண்ணீர்ப் போத்தல், பம்ப், லைற் எல்லாம் காருக்குள்ளே. முக்கியமான ஒன்று: சைலன்சர் குழாய்க்கு நேரே ரயர் வரக்கூடாது. அந்தச் சூட்டில் ரயரின் பக்கச் சுவர் கெட்டுவிடும், வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது, பிறகு ஓடும்போதுதான் வெடிக்கும்.

புதுப் பட்டி கொஞ்சத் தூரத்திலேயே தளரும். ஓமந்தையில் ஒரு தடவை இறங்கி இழுத்துப் பாருங்கள். அடுத்தது முறிகண்டி, அங்கே எப்படியும் இறங்குவீர்கள், பிள்ளையாரைக் கும்பிட்டுக் கச்சான் வாங்கிக்கொண்டு வரும்போது ஆறு பட்டியையும் ஒரு இழுவை இழுத்துவிட்டு ஏறுங்கள். வீட்டுக்கு வந்ததும் ராக்கைக் கழற்றி நிழலில் வையுங்கள். நம்முடைய வெயிலில் பட்டி உக்கிப் போவது பார்வைக்குத் தெரியாது. ஓரத்து நூல் கிளம்பத் தொடங்கினால் அந்தப் பட்டியை மாற்றுங்கள், முடிச்சுப் போட்டு ஒப்பேற்ற வேண்டாம்.

கேள்வி: வெல்டிங் கடையில் சொல்லி இரும்பில் ஒரு ராக் அடிப்பித்தால் என்ன? செலவு குறையும் அல்லவா?
– மல்லாவி வாசகர்

பதில்: உங்கள் காரைப் பொறுத்தது. பழைய பெட்டி லான்சர், பழைய நிசான் சனி போன்ற கார்களில் கூரையின் இரண்டு பக்கமும் மழைத் தண்ணீர் ஓடுகிற விளிம்பு இருக்கும். அதைக் கவ்விப் பிடிக்கிற காலோடு இரண்டு குறுக்குச் சட்டம் அடிப்பிப்பது நம் வெல்டிங் கடைக்காரருக்குக் கைவந்த வேலை, வான்களின் கூரைக்கு ஹூட் ராக் அடிக்கிறவர்கள்தானே. சட்டத்துக்கு மேலே சில்லு இருக்க ஒரு நீளப் பள்ளம், நடுவில் சைக்கிளின் சட்டத்தைப் பிடிக்க ஒரு கை. கவ்வுகிற இடத்துக்கெல்லாம் ரபர் வையுங்கள், வெல்டிங் செய்த இடத்தைத் தேய்த்து ரெட் ஒக்சைட் பெயின்ற் அடியுங்கள்.

இப்போதைய கார்களில் அந்த விளிம்பு இல்லை. கதவு இடுக்கில் கொழுவுகிற காலை அளவு பார்த்து வளைப்பது கடையில் செய்கிற வேலை இல்லை, ஒரு மில்லிமீற்றர் தப்பினாலும் கதவு மூடாது அல்லது தண்ணீர் ஒழுகும். அதற்கு அந்தந்தக் காருக்கென்று செய்ததையே வாங்குங்கள். கூரை எவ்வளவு தாங்கும் என்று காரின் கையேட்டில் எழுதியிருக்கும், அதில் ராக்கின் பாரமும் அடக்கம். கனத்த இரும்பில் அடித்தால் சைக்கிளுக்கு மிச்சம் வராது.

கூரையில் ஏற்றினால் உயரத்தை நினைவில் வைத்திருங்கள். கார் ஒன்றரை மீற்றர், சைக்கிள் ஒரு மீற்றர், எல்லாம் சேர்ந்து இரண்டரை மீற்றருக்கு மேல். வீட்டுப் போர்ட்டிகோவும் ஒழுங்கையில் தாழ்ந்த வேப்பங்கிளையும் அதற்குக் கீழேதான் இருக்கும். ஸ்ரேறிங்கில் ஒரு துண்டுத் துணி கட்டிவிட்டு ஓட்டுங்கள், மேலே சைக்கிள் இருப்பது ஞாபகம் வரும்.

கேள்வி: காற்றை உறிஞ்சி ஒட்டிப் பிடிக்கிற ரபர்க் கிண்ண ராக் நம்பலாமா?
– முள்ளியவளை வாசகி

பதில்: நல்ல தயாரிப்பென்றால் சுத்தமான, வழுவழுப்பான தகட்டில் உறுதியாகவே பிடிக்கும். ஆனால் கிண்ணத்தின் விளிம்புக்கடியில் மணல் ஒன்று இருந்தாலும் காற்று மெல்ல மெல்ல உள்ளே போகும். தூசியும் வெயிலும் குண்டும் குழியுமான உள் ரோட்டும் உள்ள எங்கள் பக்கத்துக்கு நான் அதைச் சொல்லமாட்டேன், தங்கச்சி. மலிவான போலிகளைத் தொடவே வேண்டாம், பின்னால் வருகிறவரின் உயிரும் அதில் இருக்கிறது.

கேள்வி: பின்னால் சைக்கிள் கட்டினால் பொலிஸ் மறிப்பார்களா?
– மாங்குளம் வாசகர்

பதில்: இலக்கத் தகடும் பிறேக் லைற்றும் சிக்னலும் மறைந்தால் மறிப்பார்கள், மறிக்கத்தான் வேண்டும். கட்டிய பிறகு பத்தடி பின்னால் போய் நின்று, ஒருவரை பிறேக் மிதிக்கச் சொல்லிப் பாருங்கள். தெரியாவிட்டால் சைக்கிளை ஏற்றி இறக்கிச் சரிசெய்யுங்கள், அதற்கும் சரிவராவிட்டால் அந்த ராக் அந்தக் காருக்கு ஆகாது. இரவில் இப்படி ஓடாமல் இருப்பது நல்லது.

கேள்வி: அப்பாவின் பழைய றலி சைக்கிள் ஒட்டுசுட்டான் வீட்டில் நிற்கிறது. அதைக் கொழும்புக்குக் கொண்டுபோய் என்னோடு வைத்திருக்க ஆசை. எந்த ராக் அதைத் தாங்கும்?
– கொழும்பிலிருந்து ஒரு மகன்

பதில்: எந்தப் பட்டி ராக்கிலும் அதை ஏற்றாதீர்கள். 28 இஞ்சிச் சில்லு, கம்பி பிறேக், கனத்த கரியர், எல்லாம் சேர்ந்து 20 கிலோ வரும். இடம்பெயர்ந்த காலத்தையும் எரிபொருள் தடைக் காலத்தையும் கண்டவர்களுக்குத் தெரியும், வன்னியில் நோயாளியையும் நெல் மூட்டையையும் விறகையும் சுமந்தது இந்தச் சைக்கிள்கள்தான். அதைக் கவனமாகக் கொண்டுபோக நினைக்கிறீர்களே, மனதுக்கு நிறைவாக இருக்கிறது.

டபிள் கப் பிக்கப் வைத்திருக்கிற சொந்தக்காரர் யாரையாவது பிடியுங்கள், இல்லாவிட்டால் கொழும்புக்கு மரக்கறி ஏற்றுகிற லொறிக்காரரிடம் பேசுங்கள். நிமிர்த்தி நிறுத்தி, இரண்டு பக்கமும் கயிறு இழுத்துக் கட்ட வேண்டும். கிடத்தினால் பிறேக் கம்பி வளைந்துவிடும், அதை நிமிர்த்தத் தெரிந்த ஆளைக் கொழும்பில் தேட வேண்டி வரும். ஹாண்டிலிலிருந்து பிறேக் கம்பி இறங்குகிற மூட்டுகளைக் கழற்ற வேண்டாம். இருக்கையின் தோலுக்குத் தேங்காய் எண்ணெய் பூசிச் சாரத்தால் சுற்றுங்கள், சட்டத்துக்குச் சாக்கு. ரயரில் காற்று முழுக்க இருக்கட்டும், இல்லாவிட்டால் குலுக்கத்தில் றிம் அடிபடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னம் ஏற்றிவிட்டால் நல்லது.