ஸ்கூட்டரில் ஏற்காடு ஏறலாமா?

கேள்வி: நானும் என் கல்லூரித் தோழியும் ஆளுக்கொரு ஸ்கூட்டரில், விடியற்காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் வீடு திரும்பும்படி ஏற்காடு போய்வர விரும்புகிறோம். ‘கியர் இல்லாத வண்டி மலை ஏறாது, பஸ்ஸில் போங்கள்’ என்று வீட்டில் தடுக்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியா? எந்த வழியில் போனால் மலையை நன்றாகப் பார்க்கலாம்?
– ஒரு வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: வீட்டாரின் கவலை நியாயமானதே, ஆனால் அவர்கள் கவலைப்பட வேண்டியது ஏற்றத்தைப் பற்றி அல்ல, இறக்கத்தைப் பற்றி. ஒருவர் மட்டும் அமர்ந்து செல்லும் 110 சிசி ஸ்கூட்டர், பெல்ட் தேயாமல் இருந்தால், அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் முனகிக்கொண்டாவது ஏறிவிடும். திரும்பும்போதுதான் சோதனை. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையே சுமார் 1,200 மீட்டர் உயர வித்தியாசம் இருக்கிறது. அத்தனை இறக்கத்தையும் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்குவதுதான் பலரும் செய்யும் தவறு.

ஸ்கூட்டரின் கிளட்ச், இன்ஜின் வேகமாகச் சுழலும்போது மட்டுமே சக்கரத்தைப் பற்றிக்கொள்ளும். ஆக்சிலேட்டரை முழுவதும் விட்டு, வேகமும் குறைந்துவிட்டால், பிடி விலகி, வண்டி நியூட்ரலில் உருள்வதுபோல் இறங்கத் தொடங்கும். அதன்பின் சரிவில் எவ்வளவு வேகம் கூடினாலும் இன்ஜின் அதைத் தடுக்காது. அப்போது ஆக்சிலேட்டரை லேசாகத் திருகிவிட்டு மூடுங்கள். கிளட்ச் மறுபடியும் பற்றிக்கொள்ளும், இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்குகளை, முன்னும் பின்னும் சேர்த்து, விட்டுவிட்டு அழுத்த வேண்டும். நான் இதையெல்லாம் அறியாமல், முதல்முறை இறங்கியபோது பின்பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தேன். பாதி வழியில் கருகிய வாடை வந்தது, லீவர் கைப்பிடி வரை வந்து ஒட்டியது, வண்டியோ நிற்க மனமின்றி ஊர்ந்துகொண்டிருந்தது. ஓரங்கட்டி அரை மணி நேரம் உட்கார்ந்த பிறகுதான் சூடேறிய பிரேக் டிரம் ஆறியது. உங்களுக்கும் அப்படி நேர்ந்தால் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், தானாக ஆறட்டும்.

வளைவுகளில் மேலேறி வரும் வண்டிக்கே முன்னுரிமை என்பது மலைச்சாலை விதி. பஸ் திரும்புவதற்குச் சாலையின் முழு அகலமும் வேண்டும் என்பதால், அது வளைவுக்குள் நுழைந்துவிட்டால் நீங்கள் வெளியிலேயே நின்றுகொள்ளுங்கள்.

வழியைப் பொறுத்தவரை, கோரிமேடு, அடிவாரம் வழியாக ஏறி, கொட்டச்சேடு, குப்பனூர், அயோத்தியாப்பட்டணம் வழியாகத் திரும்புவதையே நான் விரும்புவேன். குப்பனூர் சாலையில் நெரிசல் குறைவு. ஆனால் பஞ்சரானால் உதவிக்கு ஆள் கிடைப்பதும் குறைவு என்பதால், வெயில் இருக்கும்போதே இறங்கத் தொடங்குங்கள். ஏரியும் படகுத்துறையும் எல்லோரும் பார்ப்பவை. நீங்கள் ஸ்கூட்டரில் போவதன் பயன், ஏற்காட்டைச் சுற்றி வரும் சுமார் 32 கிலோமீட்டர் லூப் ரோட்டில்தான் தெரியும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த காப்பிச் செடி இன்று இருபுறமும் தோட்டமாக விரிந்திருக்கிறது. நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி உச்சிவரை ஏறியிருக்கும். கோடைக்கு முன் முதல் மழை பெய்து சில நாள் கழித்துப் போனால், கிளைகள் முழுக்க வெள்ளைப் பூ ஒட்டியிருக்கும். மல்லிகையை ஒத்த அந்த வாசனை ஹெல்மெட்டுக்குள்ளும் நுழையும். காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு இது கிடைக்காது. ஓரிடத்தில் இன்ஜினை நிறுத்திவிட்டுச் சும்மா நில்லுங்கள். காட்டெருமை சாலையில் நின்றால் மட்டும் ஹாரன் அடிக்காமல், தூரத்திலேயே காத்திருங்கள்.

சேர்வராயன் கோயில் மேட்டுக்கு, மூடுபனி இல்லாவிட்டால், அவசியம் போங்கள். பெட்ரோலைச் சேலத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். தட்டுவடை செட் வாங்கிப் போவதானால் தட்டையையும் காரட், பீட்ரூட் துருவலையும் சட்னியையும் தனித்தனியாகக் கட்டச் சொல்லுங்கள். சேர்த்துக் கட்டினால் பத்தாவது வளைவுக்குள் ஊறிப்போய்விடும். கனமழை அறிவிப்பு இருக்கும் நாளில் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் இந்த மலைச்சாலையில் மண் சரிந்ததை நாம் பார்த்தோம்.

கேள்வி: இறங்கும்போது இன்ஜினை அணைத்துவிட்டால் பெட்ரோல் மிச்சமாகுமே, அப்படிச் செய்யலாமா?
– ஒரு வாசகர், அம்மாப்பேட்டை

பதில்: கூடவே கூடாது. மிச்சமாவது சில ரூபாய். அதற்கு விலையாக இன்ஜின் தரும் தடுப்பு போகும். ஹாரனும் பிரேக் விளக்கும் வேலை செய்யா. வளைவில் எதிரே பஸ் வரும்போது எச்சரிக்க உங்களிடம் வாய்க்குரல் மட்டும்தான் இருக்கும். சாவி தவறி இன்னும் சற்றுத் திரும்பினால் ஹேண்டில் பூட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.